கணக்கில் இல்லாத இரண்டாவது ஆள்: டிக்லிபூர் கடலில் ஒரு ராத்திரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதினால் என் முட்டாள்தனம் ஊருக்கே தெரிந்துவிடும். ஆனால் போன வாரம் எங்கள் தொழிலில் இருக்கும் ஒரு பையன் போன் பண்ணி, "அண்ணே, அந்தமான்ல ஒரு மாச வேலை வந்திருக்கு, டிக்லிபூராம், போகலாமா"ன்னு கேட்டான். அவனிடம் ஒரு மணி நேரம் பேசினேன். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்லிவிடுகிறேன், போகிற யாருக்காவது உதவட்டும்.

நான் குளிர்பதன மெக்கானிக். ஐஸ் பிளாண்ட், கோல்டு ஸ்டோரேஜ், அமோனியா கம்ப்ரெஸர் இதெல்லாம்தான் வேலை. சொந்த ஊர் அருப்புக்கோட்டை. கடல் என்றால் திருச்செந்தூரில் கால் நனைத்தது, அவ்வளவுதான். போன வருஷம் செப்டம்பரில் ஒரு கான்ட்ராக்டர் மூலமாக இந்த வேலை வந்தது. வடக்கு அந்தமானில் ஒரு ஐஸ் பிளாண்டில் பழைய கம்ப்ரெஸரைப் பிரித்து ஓட வைக்க வேண்டும், நாளுக்கு 1,500 ரூபாய், தங்க இடம், போக வர டிக்கெட் என் செலவு, அதைக் கடைசியில் பில்லில் சேர்த்துத் தருவதாகப் பேச்சு. எல்லாம் வாய்ப்பேச்சுதான். ஒரு காகிதம்கூடக் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அந்தமான் என்றால் நம்ம ஆட்களுக்குப் போர்ட் பிளேர்தான் தெரியும். இப்போது அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், ஆனால் பஸ் கண்டக்டர் வரைக்கும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்கிறார்கள். அங்கிருந்து டிக்லிபூர் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், வடக்குக் கோடி. விடியற்காலை நாலு மணிக்குப் பஸ் ஏறினால் சாயங்காலம் ஆகிவிடுகிறது. நடுவில் ஜாரவா பழங்குடியினர் இருக்கும் காட்டு வழியில் வண்டிகளை வரிசையாகக் கட்டித்தான் விடுகிறார்கள், அதற்கு நேரம் குறித்திருக்கிறார்கள், அந்த நேரத்தைத் தவறவிட்டால் அடுத்த கான்வாய் வரை செக்போஸ்ட்டில் உட்கார வேண்டியதுதான். அப்புறம் பஸ்ஸோடு சேர்ந்து ஜங்காரில், அதாவது வண்டிகளை ஏற்றும் படகில் ஏறி ஜலசந்தியைக் கடக்க வேண்டும். ஆக, திரும்பி வர விமான டிக்கெட் போடும்போது டிக்லிபூரிலிருந்து கிளம்பும் நாளுக்கும் விமானத்துக்கும் இடையில் குறைந்தது இரண்டு நாள் விடுங்கள். நான் ஒரு நாள்தான் விட்டேன்.

ஊர் பசேல் என்று இருக்கும். நெல் வயல், வாழை, பாக்கு, ஆரஞ்சுகூட விளைகிறது. ஐம்பதுகளில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியேற்றிய இடம் என்பதால் கடைத்தெருவில் பாதிப் பேச்சு பெங்காலி. மற்றவர்களோடு இந்தி. நம்ம தமிழர்களும் அங்கங்கே இருக்கிறார்கள், பஜாரில் ஒரு அக்கா இட்லிக்கடை வைத்திருந்தார், அந்தக் கடை இல்லையென்றால் நான் பத்தாவது நாளே ஓடி வந்திருப்பேன். எனக்குப் பழகாமல் போனது வெளிச்சம்தான். நாம் ஓட்டும் அதே கடிகார நேரம்தான் அங்கேயும், ஆனால் ஊர் கிழக்கே அவ்வளவு தள்ளி இருக்கிறது. அக்டோபரில் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும், ஐந்தரைக்குக் கும்மிருட்டு. நம்ம ஊரில் ஞாயிற்றுக்கிழமை மூணு மணி என்றால் இன்னும் பாதி நாள் பாக்கி. அங்கே மூணு மணி என்றால் பொழுது முடியப்போகிறது என்று அர்த்தம். இந்த ஒரு கணக்கை மண்டையில் ஏற்றாததும் என் தப்புகளில் ஒன்று.

இன்னொன்று, அங்கே ஒரு நட்டு வேண்டுமென்றாலும் கப்பலிலோ விமானத்திலோதான் வர வேண்டும். கம்ப்ரெஸருக்கு ஒரு ஷாஃப்ட் சீல் தேவைப்பட்டது, சென்னையிலிருந்து வந்து சேர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் சும்மா உட்கார்ந்திருந்தேன். சீல், கேஸ்கெட், ஓ ரிங் எல்லாவற்றிலும் ஒரு செட் கையோடு கொண்டு போங்கள், லக்கேஜ் கூடினாலும் பரவாயில்லை. சும்மா இருந்த அந்த நாட்களில்தான் ஏரியல் பே பக்கம் போய் உட்காரும் பழக்கம் வந்தது. டிக்லிபூர் பஜாரிலிருந்து ஒன்பது பத்து கிலோமீட்டர், மீன் இறங்கும் ஜெட்டி அங்கேதான் இருக்கிறது.

அந்த ஜெட்டியில்தான் கோஸ்ட் கார்டை முதலில் பார்த்தேன். வெள்ளைக் கப்பல், பக்கவாட்டில் ஆரஞ்சும் நீலமுமாகச் சாய்ந்த பட்டை. டிக்லிபூரில் அவர்களுக்கு மாவட்டத் தலைமையகமே இருக்கிறது, பக்கத்தில் ஷிப்பூரில் கடற்படையின் விமானதளம். இவ்வளவு சின்ன ஊருக்கு எதற்கு இத்தனை என்று டீக்கடையில் கேட்டேன். வடக்கே கடலைத் தாண்டினால் கோகோ தீவுகள், அது மியான்மர் என்றார்கள். அங்கிருந்து படகில் வந்து நம்ம பக்கத்துப் பாறைகளில் கடல் அட்டை அள்ளிப் போகும் கும்பல்களைப் பிடிப்பது அங்கே வாடிக்கையான செய்தி. ராமநாதபுரம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், கடல் அட்டை பிடிப்பதே குற்றம், புலிக்கு உள்ள அதே அட்டவணையில் இருக்கிறது. 2024 நவம்பரில் பாரன் தீவுப் பக்கம் ஒரு மியான்மர் படகில் ஆறு டன் போதைப்பொருளைக் கோஸ்ட் கார்டு பிடித்ததே, அது எல்லார் வாயிலும் இருந்தது. ஆக, அந்தக் கடலில் யார் என்று தெரியாத ஒரு ஆள் மிதந்தால் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் யோசிக்கவில்லை.

ஜெட்டியில் பழக்கமானவர்தான் தாதா. பெங்காலியில் அண்ணனைத் தாதா என்பார்கள், நான் கடைசி வரை அவரை அப்படித்தான் கூப்பிட்டேன், அவர் என்னை "மிஸ்திரி" என்பார். ஐம்பது வயதிருக்கும். அவருடையது நீல நிற டிங்கி, டீசல் எஞ்சின் வைத்த சின்னப் படகு. அக்டோபர் முதல் ஞாயிறு, "வா மிஸ்திரி, தூண்டில் போட்டுவிட்டு வரலாம், நாலு மணிக்குத் திரும்பிவிடலாம்" என்றார். ஜெட்டி வழியாகப் போகவில்லை, அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓடை முகத்திலிருந்து கிளம்பினோம். அவர் மனைவி, எல்லாரும் பௌதி என்பார்கள், அப்போது சந்தைக்குப் போயிருந்தார். நான் வந்ததும் தெரியாது, படகில் ஏறியதும் தெரியாது. என் ரூமில் இருந்த இரண்டு பேரிடமும் பஜாருக்குப் போவதாகச் சொன்னேன். வீட்டுக்குப் போன் பண்ணி, "ரூம்லதான் படுத்திருக்கேன்" என்று என் மனைவியிடம் சொன்னேன். கடலுக்குப் போகிறேன் என்றால் கத்துவாள். ஆதார் கார்டு ரூமில் பெட்டிக்குள். அதாவது பதினோரு மணிக்கு நான் படகில் ஏறினேன் என்பது உலகத்தில் எனக்கும் தாதாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

முதல் மூணு மணி நேரம் அருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். 2004 நிலநடுக்கத்தில் இந்த வடக்குக் கரை மேலே எழும்பியது, அப்போது வெளியே வந்து செத்த பவளப் பாறை எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது, தாதா அதை ஒட்டிக் கவனமாக ஓட்டினார். பின்னால் சேடில் பீக், அந்தமானிலேயே உயரமான மலை, 732 மீட்டர், தலையில் மேகத்தோடு. நாலைந்து மீன் கிடைத்தது. இரண்டே காலுக்கு எஞ்சின் இருமி இருமி நின்றது.

இப்போது நான் செய்ததைக் கவனமாகப் படியுங்கள். அந்த நேரம் என் போனில் இரண்டு கோடு சிக்னல் இருந்தது. கரை தெரிந்தது. கடல் அமைதி. ஒரு போன் பண்ணியிருந்தால் இன்னொரு டிங்கி வந்து கட்டி இழுத்துப் போயிருக்கும், ஐந்நூறு ரூபாய் டீசல் காசோடு முடிந்திருக்கும். நான் பண்ணவில்லை. ஏனென்றால் நான் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷம் கம்ப்ரெஸரைப் பிரித்தவனுக்கு ஒரு சின்ன டீசல் எஞ்சின் எம்மாத்திரம் என்ற திமிர். டீசலில் தண்ணீர் கலந்திருந்தது, லைனில் காற்று அடைத்திருந்தது, அதெல்லாம் சரியாகத்தான் கண்டுபிடித்தேன். காற்றை வெளியேற்றும் ஸ்க்ரூவைக் கழற்றினேன், கை எண்ணெய், படகு ஒரு ஆட்டம் ஆடியது, ஸ்க்ரூவுக்குக் கீழே இருந்த காப்பர் வாஷர் நழுவி படகின் அடித் தண்ணீரில் விழுந்தது. பத்துப் பைசா அகலம் இருக்கும். கறுத்த டீசல் தண்ணீர், மீன் செதில், கயிற்றுத் துணுக்கு, அதற்குள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தேன். கிடைக்கவில்லை. பீடிக் கட்டுக் காகிதத்தை மடித்து வைத்துப் பார்த்தேன், நூலைச் சுற்றிப் பார்த்தேன், எஞ்சின் ஒருமுறை பத்து நிமிஷம் ஓடி மறுபடி நின்றது. நிமிர்ந்து பார்த்தால் மணி மூணே முக்கால், மேற்கே கரையே தெரியாத மாதிரி கறுத்துக்கொண்டு வருகிறது.

படகு நின்றால் முதல் வேலை நங்கூரம், இரண்டாவது வேலை போன், ரிப்பேர் அதற்கு அப்புறம்தான். ஆழம் குறைவாக இருக்கும்போதே நங்கூரத்தைப் போட்டிருந்தால் இருந்த இடத்திலேயே இருந்திருப்போம். தாதா அதைத்தான் முதலில் சொன்னார், "அஞ்சு நிமிஷம் தாதா" என்று நான்தான் தடுத்தேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் மெதுவாக வெளியே தள்ளப்பட்டுவிட்டோம். பிறகு போட்டபோது கயிறு முழுக்க ஓடி முடிந்தது, நங்கூரம் தரையைத் தொடவே இல்லை. அந்தப் பக்கம் கரையை விட்டுக் கொஞ்சம் விலகினாலே கடல் சட்டென்று ஆழமாகிவிடுகிறது.

மழையும் காற்றும் ஒரு மணி நேரம் அடித்தது. மேற்கிலிருந்து காற்று, நாங்கள் கிழக்குக் கரையில் இருக்கிறோம், அப்படியே வெளியே தள்ளியது. போனை எடுத்தேன், சிக்னல் இல்லை. மழையில் நனைந்து சார்ஜ் பதினெட்டு சதவீதத்தில் ஆடிக்கொண்டிருந்தது, ஒரு தடவை ஒரு கோடு வந்து போனது, அப்போது கால் பண்ணப் பார்த்தேன், போகவில்லை. எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கலாம், பேச முடியாத சிக்னலிலும் அது சில நேரம் போய்விடும், அந்தப் பதட்டத்தில் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் போன் செத்தது. தாதாவிடம் வயர்லெஸ் கிடையாது, ஆபத்து என்றால் சாட்டிலைட் வழியாகத் தகவல் அனுப்பும் கருவி சில மீனவர்களிடம் இருக்கிறது, அதுவும் இவரிடம் இல்லை. லைஃப் ஜாக்கெட் ஒன்றுதான், அதையும் மடித்து நான் உட்கார வைத்திருந்தார். தண்ணீர் ஒரு லிட்டர் பாட்டிலில் பாதி.

ராத்திரியைப் பற்றி என்ன சொல்ல. குளிர், வாந்தி, மறுபடி குளிர். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் போன பிறகும் வாந்தி வந்தது. படகுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது, ஒரு பெயின்ட் டப்பாவால் மாறி மாறி மொண்டு ஊற்றினோம். ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் கடலில் பச்சையாக ஒரு வெளிச்சம் சிதறி அணைந்தது. வேறு நேரமாக இருந்தால் வாயைப் பிளந்து பார்த்திருப்பேன், அன்றைக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. ஏலச்சீட்டுப் பணம் கட்ட வேண்டிய தேதி ஏழு என்பது திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. சாகப்போகிறோம் என்று நினைக்கும்போது பிள்ளைகள் முகம் வரும் என்பார்கள், எனக்குச் சீட்டுதான் வந்தது.

பதினோரு மணி இருக்கலாம், தூரத்தில் ஒரு விளக்கு தெரிந்தது. கப்பலோ படகோ. நான் கிணற்றில் நீச்சல் பழகியவன், எங்கள் ஊர்க் கிணற்றில் மேட்டிலிருந்து குதித்து அடி மண் எடுத்து வருவேன். நீந்திப் போய்விடலாம் என்று சட்டையைக் கழற்றினேன். தாதா ஒன்றும் பேசாமல் என் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. பத்து நிமிஷத்தில் அந்த விளக்கு மறைந்தது, அது எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று இருவருக்கும் தெரியாது. தயவுசெய்து படகை விட்டு இறங்காதீர்கள், கவிழ்ந்தாலும் அதையே பிடித்துக்கொண்டு கிடங்கள். மேலே இருந்து தேடுகிறவனுக்கு ஒரு மனிதத் தலை கண்ணில் படுவது குதிரைக் கொம்பு, படகு தெரியும்.

விடிந்ததும் தாதா ஆரஞ்சு நிறத் தார்ப்பாயை மூங்கிலில் கட்டி நிறுத்தினார். ஏழு மணி போல ஒரு விமானச் சத்தம் கேட்டது, மேகத்துக்குள் போய்விட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு கெட்ட வார்த்தை நான் பேசியதில்லை. எட்டே முக்காலுக்கு அந்த வெள்ளைக் கப்பல் வந்தது. சாய்ந்த பட்டையைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். கரையிலிருந்து இருபது கடல் மைல் தள்ளி இருந்தோம் என்று பிறகு சொன்னார்கள், கிட்டத்தட்ட முப்பத்தேழு கிலோமீட்டர்.

ஒலிபெருக்கியில் முதலில் கேட்டது, "கித்னே ஆத்மி?" எத்தனை பேர் என்று. தாதா இரண்டு விரலைக் காட்டினார். அங்கே ஒரு அமைதி. மறுபடி கேட்டார்கள். மறுபடி இரண்டு விரல். கப்பல் பக்கத்தில் வராமல் கொஞ்ச தூரத்தில் ஒரு சுற்று சுற்றியது. எனக்கு அப்போது புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. முந்தின நாள் ராத்திரி எட்டரை வரை தாதா வராததால் பௌதி பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு ஜெட்டி முழுக்கத் தேடியிருக்கிறார். பத்து மணிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் 1554க்குப் போன் பண்ணியிருக்கிறார். அது கோஸ்ட் கார்டின் இலவச எண், கடலில் ஆபத்து என்றால் அதற்குத்தான் பண்ண வேண்டும், இப்போதே போனில் போட்டு வையுங்கள், உங்கள் போனில் மட்டுமல்ல, கரையில் இருக்கிறவர்கள் போனிலும். அவர்கள் கேட்டது: படகு என்ன நிறம், எத்தனை பேர், எத்தனை மணிக்கு எங்கிருந்து கிளம்பியது, எந்தப் பக்கம் போனது, எஞ்சின் என்ன, லைஃப் ஜாக்கெட் உண்டா, போன் நம்பர் என்ன. பௌதி எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லியிருக்கிறார். எத்தனை பேர் என்பதற்கு, ஒருவர். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ராத்திரி முழுக்க அவர்கள் தேடியது நீல டிங்கியில் ஒரு பெங்காலிக்காரரை. நான் தேடப்படவே இல்லை.

ஏற்றினார்கள், கம்பளி கொடுத்தார்கள், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடிக்க விட்டார்கள், குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் தாதாவையும் என்னையும் தனித்தனியாக உட்கார வைத்துவிட்டார்கள். பெயர் கேட்டார்கள், ஐடி கேட்டார்கள். இல்லை. போன் காட்டு. செத்துக் கிடக்கிறது. வீட்டு நம்பர் சொல்லு. என் மனைவி நம்பர் எனக்கு மனப்பாடமாகத் தெரியவில்லை, கடைசி நாலு எண் மாறி மாறி வந்தது. பதினாறு வருஷம் குடும்பம் நடத்திய ஆள்! இரண்டு நம்பராவது மனப்பாடம் பண்ணி வையுங்கள். என் இந்தியோ ஐஸ் பிளாண்ட் இந்தி, "யே கோலோ, ஓ பந்த் கரோ", இதைத் திற, அதை மூடு, அவ்வளவுதான். பேசப் பேச எனக்கே நான் சந்தேகமாகத் தெரிந்தேன்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு இளம் வீரரை அழைத்து வந்தார்கள். இருபத்தைந்து வயது இருக்கும். முன்னால் குந்தி உட்கார்ந்து, "அண்ணே, எந்த ஊரு?" என்றார். அந்த ஒரு அண்ணேயில் எனக்கு உயிர் திரும்பியது. அருப்புக்கோட்டை என்றேன். "தூத்துக்குடி ரோட்டுல அடுத்து என்ன ஊரு வரும்?" பந்தல்குடி. "அதுக்கப்புறம்?" எட்டயபுரம் என்றேன். சிரித்தார். "நான் எட்டயபுரம்தான்ணே." எழுந்து போய் அதிகாரியிடம் ஏதோ சொன்னார், அதற்குப் பிறகுதான் எனக்கு டீ வந்தது. திரும்பி வந்து அவர்தான் மெதுவாகச் சொன்னார். "அண்ணே, ஒரு ஆள்னுதான் எங்களுக்குத் தகவல். அந்தத் தாதா மயங்கிக் கிடந்து, நீங்க தண்ணிக்குள்ள இருந்திருந்தீங்கன்னா, அவரைத் தூக்கிட்டு ஆள் கிடைச்சாச்சுன்னு நாங்க திரும்பியிருப்போம்." நான் சட்டையைக் கழற்றின கதையை அவரிடம் சொல்லவில்லை. கையில் டீ ஆடிக் கொட்டியது.

மீட்டதற்கு அவர்கள் ஒரு பைசா கேட்கவில்லை, டிங்கியையும் கட்டி இழுத்து வந்தார்கள். செலவெல்லாம் கரைக்கு வந்த பிறகுதான். ஆளை உறுதிப்படுத்தப் போலீஸில் ஒப்படைத்தார்கள், அது அவர்கள் நடைமுறை, நான் குறை சொல்லவில்லை. ரூமிலிருந்து ஆதார் வந்தது. யாரிடம் வேலை என்று கேட்டார்கள், கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார்கள். அந்த மனிதர், "அப்படி ஒரு ஆளை நாங்க அனுப்பலையே" என்றுவிட்டார். வெளியூர்த் தொழிலாளியைப் பதிவு செய்யாமல் வைத்திருந்தது தெரிந்தால் தனக்குச் சிக்கல் என்ற பயம். இரண்டு நாள் ஸ்டேஷனுக்கும் ரூமுக்கும் நடந்தேன். இட்லிக்கடை அக்காவும் ஐஸ் பிளாண்ட் வாட்ச்மேனும் வந்து எனக்காக எழுதிக் கொடுத்தார்கள். வேலைக்குப் போவதற்கு முன்பே ஒரு கடிதம் வாங்குங்கள், லெட்டர்பேடில்தான் வேண்டும் என்றில்லை, வாட்ஸ்அப்பில் "இன்னார் இந்தத் தேதியிலிருந்து இங்கே வேலை செய்கிறார், சம்பளம் இவ்வளவு" என்று ஒரு வரி போதும். ஆதார் படத்தை மனைவிக்கும் இன்னொரு நண்பருக்கும் அனுப்பி வையுங்கள். அசல் கார்டைப் பால் கவரில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றிப் பையில் வைத்தால் எந்த மழைக்கும் தாங்கும்.

இதற்கிடையில் அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஏட்டையா வந்து நின்றிருக்கிறார். "உங்க வீட்டுக்காரர் எங்கம்மா இருக்கார்?" அந்தமான்ல, ரூம்ல படுத்திருக்கார் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். அவர் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றாராம். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் செத்துவிட்டதாக அவள் முடிவு கட்டிவிட்டாள். மூணாவது நாள் இட்லிக்கடை அக்கா போனில் பேசியபோது அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செலவுக் கணக்கு சொல்லிவிடுகிறேன். தவறிப்போன விமான டிக்கெட் 7,800, திரும்பக் கிடைக்காது. புதுசு அவசரத்தில் எடுத்தது 12,400. போன் 13,500. தாதாவின் எஞ்சின் செலவில் என் பங்கு 5,000, அவர் வேண்டாம் என்றார், நான்தான் பௌதி கையில் வைத்துவிட்டு வந்தேன். போர்ட் பிளேரில் லாட்ஜ், சாப்பாடு 2,600. வேலைக்குப் போகாத ஆறு நாள் என்று கான்ட்ராக்டர் பிடித்தது 9,000. மொத்தம் 50,300 ரூபாய். ஒரு காப்பர் வாஷருக்கு.

அந்தப் பையன் என்னிடம் கேட்டான், "அப்போ கடலுக்கே போகக்கூடாதாண்ணே?" ஏன் போகக்கூடாது, ராஸ் தீவும் ஸ்மித் தீவும் மணல் திட்டால் ஒட்டிக்கொண்டு கிடக்கும், பார்க்க ஆயிரம் கண் வேண்டும். ஆனால் ஏரியல் பே ஜெட்டியில் பெயர் எழுதி, அனுமதி வாங்கி, பயணிகளை ஏற்றும் படகில் போ. லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைக்காதே, மாட்டு. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு டார்ச், ஒரு விசில். சதுப்புக் காட்டு ஓடைப் பக்கம் தண்ணீரில் இறங்காதே, முதலை இருக்கிறது, போர்டு வைத்திருப்பது சும்மா இல்லை. மதியம் இரண்டு மணிக்குக் கரையில் இரு. ஏறுவதற்கு முன்னால் கரையில் ஒருவருக்கு மெசேஜ் போடு: படகு நிறம், எத்தனை பேர், எங்கே, எப்போது திரும்புவோம்.

தாதா இப்போதும் மாதம் ஒருமுறை கூப்பிடுவார். பௌதி அடுப்படிச் சுவரில் இருக்கும் பெங்காலிக் காலண்டரில், அவர் கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் தேதிக்குப் பக்கத்தில் ஒரு எண் எழுதுகிறாராம், எத்தனை தலை என்று. வீடியோ காலில் காட்டினார். ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று.

அந்த ஒன்பதாயிரத்தையும் டிக்கெட் காசையும் கான்ட்ராக்டரிடம் மூணு தடவை கேட்டுவிட்டேன். கடைசித் தடவை, "எங்க ரிஜிஸ்டர்ல நீங்க இல்லையேண்ணே, எந்தக் கணக்குல குடுக்கிறது" என்றார். போலீஸ் எழுதிக் கொடுத்த காகிதத்தில் என் பெயர், அப்பா பெயர், வேலை செய்த இடம் எல்லாம் இருக்கிறது. அதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. இன்னும் பதில் இல்லை.